பட்டு தேடியவர் விட்டுப்போன வினை

பின்சிறகில் இரண்டு பெரிய கண்கள். நடுவே கண்ணாடி போன்ற திட்டு, சுற்றிலும் மஞ்சள், நீலம், கறுப்பு வளையங்கள். வட அமெரிக்காவின் பாலிஃபீமஸ் அந்துப்பூச்சியைக் கொத்த ஒரு பறவை வந்தால், முன்சிறகை விலக்கி இந்தப் பொய்க்கண்களைக் காட்டும். பறவை மிரளும் நொடியில் பூச்சி தப்பிக்கப் பார்க்கும். சிறகுகளை விரித்தால் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். சாப்பிடுவதெல்லாம் புழுப் பருவத்தில்தான். வளர்ந்த பூச்சி எதையும் தின்னாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிந்துவிடும்.

நம் நாட்டு டஸ்ஸர் பட்டுப்பூச்சிக்கு இது நெருங்கிய உறவு. இதிலிருந்தும் பட்டு எடுக்கலாம் என்று நம்பியவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் எட்டியென் லெயோபோல் த்ரூவெலோ. ஐரோப்பாவில் பட்டுப்புழுக்கள் நோயால் கூண்டோடு செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐந்து ஏக்கர் புதர்க்காட்டை வலையால் மூடிப் புழு வளர்த்தார். 1865இல் அங்கே இலை தின்ற புழுக்கள் பத்து லட்சம்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்துப்பூச்சியையும் வரவழைத்தார். அவற்றில் சில தப்பிவிட்டன. த்ரூவெலோ பூச்சிகளைக் கைவிட்டு, ஹார்வர்டு வானாய்வகத்தில் வியாழனையும் சனியையும் வரையப் போய்விட்டார். தப்பிய பூச்சியோ பெருகி, 1889இல் மெட்ஃபோர்டின் மரங்களை மொட்டையடித்தது.

மருந்தாக 1906இல் ஐரோப்பாவிலிருந்தே இன்னொன்றை இறக்கினார்கள்: கம்சிலூரா என்ற ஈ. தன் குஞ்சுகளை உயிருள்ள புழுவின் உடலுக்குள் விடும். அவை உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்க்கும். சிக்கல் கணக்கில் இருந்தது. ஜிப்சிக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை, ஈக்குப் பல. ஜிப்சிப் புழு இல்லாத மாதங்களில் ஈ வேறு புழுக்களைத் தேடியது. அகப்பட்டவை 180க்கும் மேற்பட்ட இனங்கள். மண்ணின் பட்டுப்பூச்சிகளும் அவற்றில் அடக்கம். பாலிஃபீமஸின் உறவான செக்ரோபியாவின் 500 புழுக்களை மாசசூசெட்ஸில் வெளியில் விட்டு ஆராய்ந்தார்கள். ஒன்றுகூடக் கூடு கட்டவில்லை என்று 2000இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

த்ரூவெலோவை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அவருடைய பூச்சி கை தவறிப் போனது. ஈயை விட்டவர்கள் தெரிந்தே விட்டார்கள். 1986 வரை விட்டுக்கொண்டும் இருந்தார்கள். பகையைத் தின்னும் என்று நம்பி ஓர் உயிரைக் கடல் கடத்துமுன், பகை தீர்ந்த மாதத்தில் அது எதைத் தின்னும் என்று கேட்டிருக்க வேண்டும்.