கும்பிடும்... ஆனா சும்மா விடாது!

நாய் வளர்ப்பவர் உண்டு, கிளி வளர்ப்பவர் உண்டு. கும்பிடுபூச்சி வளர்ப்பவர்களைத் தெரியுமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதன் முட்டைக்கூட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

ஒரு கூட்டிலிருந்து 100, 200 குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டும். சீன இனம் என்றால் 400 வரை! எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் விட்டீர்களோ, அண்ணனைத் தம்பி தின்றுவிடுவான். தலைக்கு ஒரு கப் கட்டாயம்!

குஞ்சுக்குப் பழ ஈ, வளர்ந்ததற்குக் கரப்பான். கரப்பான் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பது கூடுதல் செய்தி! உணவு அசையாவிட்டால் கண்டுகொள்ளாது. செத்த பூச்சியையே இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டுங்கள்... லபக்! சாப்பிட்டு முடித்ததும் முன்னங்காலை முள் முள்ளாக வாயால் சுத்தம் செய்யும் அழகு இருக்கிறதே!

தண்ணீர்க் கிண்ணமெல்லாம் வேண்டாம். சுவரில் தெளித்த துளியே போதும்!

தலைகீழாகத் தொங்கித்தான் சட்டை உரிக்கும். அதனால் கூண்டின் உயரம் உடல் நீளத்தைப் போல் 3 மடங்காவது வேண்டும். நடுவில் விழுந்தால் கால் கோணிவிடும், உயிரே போகலாம். அந்த நேரத்தில் தொடவே தொடாதீர்கள்! ஒடிந்த கால் அடுத்தடுத்த உரிப்பில் திரும்ப முளைக்கும். கடைசி உரிப்பில் இறக்கை வந்துவிடும். அதற்குப் பிறகு போன கால் போனதுதான்!

கண்கள் எத்தனை? 5! நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி உங்களையே பார்க்கும். அது கருவிழியே இல்லை!

காது? பல இனங்களுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் நெஞ்சில்! வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலியை அது கேட்டுவிடும்!

2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இதற்கு 3டி கண்ணாடி மாட்டிப் படம் காட்டினார்கள். ஒரு கண்ணுக்கு நீலம், மறு கண்ணுக்குப் பச்சை, ஒட்டுவதற்குத் தேன்மெழுகு! திரையில் வந்த பூச்சியை நிஜம் என்று நினைத்துப் பாய்ந்தது!

மீனும் பிடிக்கும்! கர்நாடகத்தில் ஒரு மாடித் தோட்டத் தொட்டியில், 5 நாளில் 9 கப்பி மீன்களைக் காலி செய்தது ஒரே ஒரு ஆண் பூச்சி. 2018-இல் ஆய்விதழிலேயே வந்த செய்தி இது!

வெளிநாட்டுக்காரர்கள் ஆசைப்பட்டு வளர்க்கும் வயலின் கும்பிடுபூச்சி நம்மூர்ச் சரக்கு! தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் தாய்வீடு. இனத்திலேயே சாது. பலவற்றைச் சேர்த்து வைத்தாலும், வயிறு நிறைந்திருந்தால் பெரும்பாலும் சண்டை இல்லை!

ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டுமா? அடிவயிற்று வளையங்களை எண்ணுங்கள். 8 என்றால் ஆண், 6 என்றால் பெண். ஜோடி சேர்ப்பதற்கு முன் பெண்ணுக்கு வயிறு முட்டத் தீனி போடுங்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளைதான் விருந்து!