யாருக்காக இந்தத் தலைமை?

தலைமைத்துவப் பயிற்சிகளுக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. மேடைப் பேச்சு, கூட்டக் குறிப்பு எழுதுதல், திட்டம் தயாரித்தல் யாவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. 'நான் எதற்காக இதில் இறங்கினேன்?' என்ற கேள்விக்கு மட்டும் நிகழ்ச்சிநிரலில் இடம் கிடைப்பதில்லை.

அம்பிட்டியவில் வாழ்ந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் விருப்பப்படி 1893இல் இங்கு தொடங்கிய குருமடத்தை இயேசு சபையினர் நடத்தினர். 1955இல் அது இந்தியாவின் பூனாவுக்கு மாற்றப்பட, இங்கே தேசிய குருமடம் உருவாயிற்று. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் காலில் காயமுற்றுப் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். அப்போது தம் மனதிலேயே ஒரு வேறுபாட்டைக் கண்டார். வீரப் புகழைக் கனவு கண்டு முடித்தால் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் பின்பற்ற நினைத்தால் மகிழ்ச்சி நிலைத்து நின்றது. நாள்தோறும் சிறிது நேரம் ஒதுங்கி, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையை அவர் தம் தோழர்களுக்கு விட்டுச் சென்றார். பாவக் கணக்கு எழுதுவதாக இதைச் சுருக்கிவிடுவோர் உண்டு. அது பாதிதான். எது நம்மை இழுக்கிறது என்பதை அறிவதே மறுபாதி.

தன்னை அறிந்தவன் தலைமை எப்படியிருக்கும்? ஆயர் லியோ நாணயக்காரவை எண்ணிப் பார்ப்போம். சில்வெஸ்திரியன் துறவியான அவர் 1959 முதல் கண்டியின் ஆயர். 1972இல் கண்டியிலிருந்து பதுளை பிரிக்கப்பட்டபோது, வேரூன்றிய பழைய மறைமாவட்டத்தை விட்டு, ஏழைத் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் நிறைந்த புதிய மறைமாவட்டத்துக்கே ஆயராகச் சென்றார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். பெரிய கதிரையிலிருந்து சிறிய கதிரைக்குத் தானாக மாறுவோர் நம் சங்கங்களிலும் அரிது, திருச்சபையிலும் அரிது. அதே 1972இல் இயேசு சபை அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை ஆரம்பித்தார். பல இனத்தவரும் ஒன்றாய் உழைத்த அந்நிலையம் தோட்டத் தமிழருக்காகக் குரல் கொடுத்தது. 1964 ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்காகப் பேசுவதால் பெரும்பான்மையினரின் கைதட்டல் கிடைக்காது.

எமது பயிற்சிகளில் தோட்ட, கிராமச் சங்க நிர்வாகிகளை முதல்நாள் மாலையில் கால்மணி நேரம் தனித்தனியே உட்கார வைக்கிறோம். விரிவுரை கிடையாது. மூன்று கேள்விகள் மட்டும்: கடந்த வாரம் என் நேரம் யாருக்குப் போயிற்று? கடைசிக் கூட்டத்தில் வாய் திறக்காதவர் யார்? நாளை இப்பதவி போனாலும் நான் தொடர்ந்து செய்யும் வேலை எது? எழுதத் தெரியாதவர்கள் மனதிலே வைத்துக்கொள்ளலாம்.

முதற் கேள்விக்கு விடை சுலபம். மூன்றாவதில் பலர் நெடுநேரம் மௌனமாகிறார்கள். இரண்டாவதுக்கு வரும் விடை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையை எடுக்க அவசரமாய் ஓடும் பெண்கள். சந்தாப் பணத்தில் பெரும்பங்கு அவர்களுடையது. ஆகவே அடுத்த கூட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்பதையே மறுநாள் காலையில் முதலில் பேசுகிறோம்.