கோடு இறங்குகிறது, ராக்கெட் ஏறுகிறது: திசைவேகம்–காலம் வரைபடத்தில் முடுக்கம்

ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ பாடத்தில், சூத்திரத்தைக் கொண்டு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடும் மாணவர்களும் வரைபடத்தைக் கண்டால் தடுமாறுகிறார்கள். இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். ‘கோடு உயரத்தில் இருந்தால் முடுக்கம் அதிகம்’ என்பது ஒன்று. ‘கோடு இறங்கினால் பொருளும் கீழே இறங்குகிறது’ என்பது மற்றொன்று. கோட்டின் உயரம் காட்டுவது திசைவேகத்தை. அதன் சாய்வு காட்டுவது முடுக்கத்தை. இந்த வேறுபாடு பிடிபட்டால் இரண்டு தவறுகளும் நீங்கும்.

முதலில் ரயில்

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி செல்லும் ரயில் நம் மாணவர்களுக்குப் பழக்கமானது. அது புறப்பட்டு 40 விநாடியில் 20 மீ/வி திசைவேகத்தை அடைவதாகக் கொள்வோம். முடுக்கம் 20 ÷ 40 = 0.5 மீ/வி². பிறகு அதே திசைவேகத்தில் நேர்ப்பாதையில் ஓடுகிறது, கோடு கிடையாகிறது. கோடு மிக உயரத்தில் இருப்பது இங்கேதான். ஆனால் திசைவேகம் மாறாததால் முடுக்கம் சுழி. முதல் தவறு இங்கே தெளியும்.

அடுத்து ராக்கெட்

சிவகாசிப் பிள்ளைகளுக்குப் பட்டாசு ராக்கெட்டை விளக்கத் தேவையில்லை. ஒன்று செங்குத்தாகக் கிளம்புகிறது. 1 விநாடி மருந்து எரிகிறது. மேலே வெடிக்காமல் திரும்பி விழுகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என எடுத்தால், மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டு, கரும்பலகையில் இப்படி எழுதலாம்:

காலம் (விநாடி): 0, 1, 2, 3, 4, 5
திசைவேகம் (மீ/வி): 0, 30, 20, 10, 0, −10

மாணவர்களையே வரைபடத்தாளில் குறித்துக் கோடு வரையச் சொல்லி, மூன்று கேள்விகள் கேட்கலாம்.

1. ராக்கெட் எப்போது கீழே இறங்கத் தொடங்குகிறது? பலர் 1ஆவது விநாடியைக் காட்டுவார்கள். அங்கே கோடுதான் இறங்குகிறது. 2ஆவது விநாடியில் திசைவேகம் +20. அதாவது ராக்கெட் இன்னும் மேலேதான் போகிறது, வேகம் மட்டும் குறைகிறது. கோடு கால அச்சைக் கடக்கும் 4ஆவது விநாடிக்குப் பிறகே அது இறங்குகிறது.

2. உச்சியில், 4ஆவது விநாடியில், முடுக்கம் எவ்வளவு? ‘சுழி’ என்பார்கள். 1 முதல் 5 வரை கோடு வளையாமல் ஒரே சாய்வில் செல்வதைக் காட்டுங்கள்: முடுக்கம் முழுவதும் −10 மீ/வி². உச்சியில் திசைவேகத்தோடு முடுக்கமும் சுழியாகி அப்படியே நீடித்தால், ராக்கெட் வானத்திலேயே நின்றுவிட வேண்டும். அப்படி நின்ற ராக்கெட்டை யாரும் பார்த்ததில்லை.

3. எவ்வளவு உயரம் சென்றது? 4ஆவது விநாடி வரை கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பு இடப்பெயர்ச்சியைத் தரும்: ½ × 4 × 30 = 60 மீட்டர்.

இதற்காக வகுப்பில் ராக்கெட் கொளுத்தக் கூடாது, தேவையும் இல்லை. ஒரு பந்தை மேலே எறிந்தால் போதும். கையை விட்ட கணம் முதல் அதன் வரைபடமும் ராக்கெட்டின் 1ஆவது விநாடிக்குப் பிந்தைய கோட்டைப் போலவே சாயும்.

அடுத்த வகுப்பில் எண்கள் இல்லாத வரைபடம் ஒன்றைக் கொடுத்து, அந்தப் பயணத்தைச் சொந்த நடையில் எழுதச் சொல்லுங்கள். உயரத்தையும் சாய்வையும் யார் பிரித்து உணர்ந்திருக்கிறார்கள், யாருக்கு இன்னொரு முறை விளக்க வேண்டும் என்பது அந்த நான்கு வரிகளில் தெரிந்துவிடும்.