தேவாலாப் பொன்னும் பாதரசமும்

தியாகராய நகர் உஸ்மான் சாலையின் நகைக் கடைகளில் மின்னும் மோதிரம் ஒன்றின்மேல் ஒரு துளி பாதரசம் பட்டால் என்ன ஆகும்? பட்ட இடம் வெள்ளி போல் வெளுத்துவிடும். தங்கம் பாதரசத்துடன் சேர்ந்து இரசக்கலவையாக மாறுவதே காரணம். (யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்! மோதிரமும் கெடும், பாதரசம் நஞ்சும் கூட.) இந்தச் சிறிய வேதியியல் உண்மைதான் நீலகிரியின் ஒரு மூலையில் பெருந்தீங்காக முளைத்தது.

அந்த மூலை, பந்தலூர் வட்டத்திலுள்ள தேவாலா. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று நம்பி இலண்டனில் பல கம்பெனிகள் தோன்றின. கிடைத்த தங்கமோ செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. கம்பெனிகள் கலைந்தன, சுரங்கங்கள் மட்டும் நின்றன. பிற்காலத்தில், வேறு பிழைப்பில்லாத ஏழைகள் அனுமதியின்றி அவற்றுக்குள் இறங்கித் தோண்டலானார்கள். மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு.

தோண்டிய கல்லை இடித்து மாவாக்கி நீரில் அலசுவார்கள். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, ஆகவே அது அடியில் தங்கும். ஆனால் தூசி போன்ற துகள்களைக் கையால் பொறுக்க முடியுமா? பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் அது தங்கத்தைப் பற்றிக்கொண்டு மண்ணை விட்டுவிடும். துணியில் கட்டிப் பிழிந்து, எஞ்சும் உருண்டையை நெருப்பில் காட்டுவார்கள். 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் கொதித்து ஆவியாகும், தங்கம் நிற்கும்.

போன பாதரசம் எங்கே போயிற்று? நிறமும் மணமும் இல்லாத அந்த ஆவியை முதலில் சுவாசிப்பவர் அடுப்பருகே இருப்பவர்தாம். அது நரம்புகளைத் தாக்கும். கை நடுங்கும், நினைவு தடுமாறும். மிச்சம் மழையோடு மண்ணிலும், அலசிய நீரோடு ஓடையிலும் சேரும். ஓடைச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெதில் பாதரசமாக்குகின்றன. இது சிறு உயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் செல்லச் செல்லச் செறிவு ஏறிக்கொண்டே போகும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட கொடிய நோய் இப்படி மீன் வழியே வந்ததுதான். அங்கே காரணம் ஓர் இரசாயன ஆலையின் கழிவு, நஞ்சு ஒன்றே. தேவாலாப் பகுதியின் ஓடைகள் பல, மலையிறங்கிக் கேரளத்தின் சாலியாற்றைச் சேர்பவை.

அமேசான் காடுகளிலும் கானா நாட்டிலும் இதே முறைதான், இன்னும் பெரிய அளவில். இன்று உலகில் மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு முதற்பெரும் காரணம் சிறு தங்கச் சுரங்கங்களே. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது.

ஆவியை மூடிய வாலையில் குளிரவைத்தால் பெரும்பகுதிப் பாதரசத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம், செலவும் அதிகமில்லை. ஆனால் ஒளிந்தும் அவசரமாகவும் வேலை செய்பவன் வாலையைத் தேடிக்கொண்டிருப்பானா?