காணி உறுதியை ஈடு வைக்குமுன்

சில காலத்துக்கு முன் ஒரு தகப்பனார் எம்மிடம் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு ஏக்கர் வயலின் உறுதி. ஒவ்வோர் இடப்பெயர்விலும் அவர் காவித் திரிந்து காப்பாற்றியது. மகன் வயரிங் வேலை செய்பவர். “கனடாவுக்குத் திறன்மிகு தொழிலாளராக எடுக்கலாம், நிரந்தர வதிவிடம் நிச்சயம்” என்று முகவர் ஒருவர் சொல்லியிருந்தார். முற்பணத்துக்காக உறுதியை ஈடு வைக்கலாமா என்று தகப்பனார் கேட்டார்.

வழி உண்டு, நிச்சயம் இல்லை

2015 ஜனவரியில் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்றி’ முறையில் விண்ணப்பதாரிகள் வயது, கல்வி, மொழி, தொழில் அனுபவம் என்பவற்றுக்குப் புள்ளி பெற்று ஒரு பட்டியலில் நிற்பார்கள். கூடிய புள்ளி பெற்றவர்களே அழைக்கப்படுவர். பட்டியலில் சேர்வது தெரிவாவது அல்ல. அதில் பெயர் பதிவதற்குக் கட்டணமும் இல்லை.

வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த மேலதிகப் புள்ளிகள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. கடிதங்கள் காசுக்கு விற்கப்பட்டதே அதற்குக் காரணம். ஆகவே “கடிதம் எடுத்துத் தருகிறேன், புள்ளி கூடும்” என்பவரை நம்பாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

கனடாச் சட்டப்படி பணம் பெற்று இவ்வாலோசனை வழங்கக்கூடியவர்கள் மூவகையினரே: மாகாணச் சட்டச் சங்க உறுப்பினர், கியூபெக் நொத்தாரிசு சபை உறுப்பினர், குடிவரவு குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் அனுமதிப்பத்திரம் பெற்றவர். இக்கல்லூரி படிப்பிக்கும் இடமன்று. ஆலோசகர்களைக் கண்காணிக்க 2021 நவம்பரில் பொறுப்பேற்ற சபை. இலங்கையில் இருந்து பணம் வாங்குபவருக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆலோசகர் கட்டாயமல்ல. தாமே விண்ணப்பிக்கலாம். ஆலோசகரை வைத்தவருக்குத் தனிச் சலுகையும் கிடையாது. ஆனால் முன்னர் நிராகரிக்கப்பட்டவர்கள், இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் வேறொரு பெயரும் உள்ளவர்கள் தகுதியானவரிடம் கேட்பது நல்லது.

பணம் கொடுக்குமுன்

1. அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். கல்லூரியின் பகிரங்கப் பதிவேட்டில் அப்பெயர் உண்டா என்று இணையத்தில் பாருங்கள்.

2. வேலை என்ன, கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுங்கள். பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

3. வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். எழுதியதை வாசித்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

4. பொய் ஆவணத்துக்கு உடன்படாதீர்கள். முகவர் செய்த பிழையானாலும் பொறுப்பு விண்ணப்பதாரிக்கே. ஐந்து ஆண்டுத் தடை வரும்.

5. “நிச்சயம்” என்பவரை விட்டு விலகுங்கள். முடிவு கனடா அதிகாரியுடையது.

நிரந்தர வதிவிடம் குடியுரிமை அல்ல என்பதையும் மறக்கவேண்டாம். ஐந்தாண்டில் 730 நாட்களாவது அங்கு வாழ்ந்தால்தான் பொதுவாக அது நிலைக்கும்.

அந்த முகவரிடம் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்கும்படி சொன்னோம். கேட்டதும் அவர் பேச்சை மாற்றினாராம். மகன் இப்போது ஆங்கில வகுப்புக்குப் போகிறார். வேலை செய்த இடங்களில் அனுபவக் கடிதங்களும் சேர்க்கிறார். காலம் எடுக்கும். ஆனால் உறுதி வீட்டில் இருக்கிறது. இந்தப் போகமும் தகப்பனார் தன் வயலிலேயே விதைத்தார்.