அலைகரைக்கு வரும் கலைமான்

வேட்டை என்றதும் துவக்கும் குறியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வன்னிக் காட்டோரத்துப் பழைய வேட்டைக்காரனுக்குத் துவக்கு இரண்டாவது கருவியே. முதற்கருவி, நிலத்தைப் படித்தறியும் அறிவு. அவ்வறிவு இல்லாதவன் குறி தவறாத கண்ணுடையவனாயினும் வெறுங்கையுடனேயே வீடு திரும்புவான்.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய பகுதிகளை அடக்கிய வன்னிப் பெருநிலம் பெரும்பாலும் சமதரை. ஏறி நின்று பகையை நோக்க மான் இனத்துக்கு இங்கே மலையில்லை. இறங்கி ஒளியப் பள்ளத்தாக்கும் இல்லை. ஆகவே இங்கு மறைவு தருவன மரமும் பற்றையுமே. பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த பெருங்காடு ஒருபுறம். குளத்தின் நீர் வற்ற வற்றப் புல் தளிர்க்கும் அலைகரை மறுபுறம். இரண்டிற்கும் இடையே முட்பற்றை. இம்மூன்றின் ஒழுங்கை அறிந்தவனே மானை அறிந்தவன்.

ஆண்மானுக்குக் கலை, இரலை என்றும் பெண்மானுக்குப் பிணை என்றும் பெயர் வழங்குவதைத் தொல்காப்பிய மரபியலில் மாணவர் படித்திருப்பர். கிளைத்த கொம்பு ஆணுக்கே உண்டு. புள்ளிமானின் உணவு புல். அதன் அரணோ பற்றை. அடர்ந்த காட்டின் நடுவே புல் இல்லை. வெட்டவெளியின் நடுவே அரண் இல்லை. எனவே இரண்டும் சந்திக்கும் விளிம்பையே அது நாடுகிறது. மரையின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் தனித்துத் திரிவது. பகலில் அடர்காட்டில் படுத்திருந்து இரவில் மேய வருவது.

வட அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் இலையுதிர் காலத்தை எதிர்பார்த்திருப்பர். இணை தேடும் அப்பருவத்தில் முதிர்ந்த ஆண்மானும் தன் எச்சரிக்கையை மறந்து வெளிவரும். நம் புள்ளிமான்களுக்கோ அவ்வாறு ஒரே பருவம் இல்லை. ஒன்று கொம்பு உதிர்த்து நிற்கும் நாளில் மற்றொன்று முற்றிய கொம்புடன் திரியும். அங்கே வேட்டைக்காலத்தை வகுப்பது குளிர்; இங்கே அதனை வகுத்தது தண்ணீர்.

மாரி காலத்தில் காடெங்கும் நீர் நிற்கும். மான் எங்கும் குடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் காட்டுக்குள் கிடக்கும் சிறு மோட்டைகள் காய்ந்துவிட, உயிரினமெல்லாம் பெருங்குளங்களையே நாடும். அக்காலத்தில் வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று. தன் உடல் மணம் மானின் மூக்கை எட்டாதிருக்க, வேட்டைக்காரன் நீருக்கு வடகிழக்கே மறைவு தேடுவான். காற்றை வென்றாலும் மரத்தின்மேல் இருக்கும் மந்தியை வெல்வது அரிது. மந்திகள் உதிர்க்கும் இலையையும் பழத்தையும் தின்ன மான் மரத்தடிக்கு வரும். மேலிருந்து மந்தி எழுப்பும் எச்சரிக்கை ஒலி கேட்டதும் பற்றைக்குள் மறைந்துவிடும்.

இவ்வளவு தடைகள் இருந்தமையாற்றான் கலைமான் முதுமை எய்த முடிந்தது. வேட்டைக்காரன் காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டபின்னும், கலையா பிணையா எனத் தெரிந்து கொள்ள வேண்டியிருந்தது. அனுமதிப்பத்திரத்துடன் வேட்டையாடிய காலமும் ஒன்று இருந்தது. இன்று, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானையும் மரையையும் காக்கின்றன. அவற்றைக் கொல்வது குற்றம். 2015ஆம் ஆண்டில் சுண்டிக்குளமும் மடுவீதியும் தேசியப் பூங்காக்களாக உயர்த்தப்பட்டன.

ஆயினும் நம்மை வருத்துவது ஒன்றுண்டு. விலங்கு நீருக்கு வரும் தடத்தைப் பார்த்து, அதன் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைப்போர் இன்னும் இருக்கின்றனர். பழைய வேட்டைக்காரனின் அறிவில் ஒரு பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மறுபாதியாகிய பொறுமையையும் பொறுப்பையும் விட்டுவிட்டனர். கட்டுத்துவக்குக்குக் கண்ணில்லை. வருவது கலையா, சினைப்பிணையா, விறகு தேடிவந்த ஏழையா என்று அது பார்ப்பதில்லை.

மற்றொரு தீங்கு ஓசையின்றி நிகழ்வது. குளத்தோரப் பற்றையை ‘வெறும் பற்றை’ என்று அழித்து நீர்விளிம்பு வரை வெளியாக்கினால், குளத்தில் நீர் இருந்தும் மான் தாகத்துடன் காட்டினுள் நிற்கும். அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது; தண்ணீர் வரை அஞ்சாது நடந்துவர ஒரு மறைவும் வேண்டும். அப்பற்றையைக் காப்பது அம்மானைக் காப்பதேயாகும்.

நம் பாட்டன்மார் கொல்வதற்காகக் கற்ற பாடத்தை நம் பிள்ளைகள் காப்பதற்காகக் கற்கலாம். ஆடி மாதத்தில் ஒருநாள், பெரியோர் துணையுடன், பொழுது சாயுமுன் குளக்கட்டில் அமைதியாக நின்று பார்க்கட்டும். காற்று எங்கிருந்து வருகிறது, மந்தி என்ன சொல்கிறது, பற்றை எங்கே முடிகிறது என்று கவனிக்கட்டும். முதலில் பிணையும் கன்றும் வெளிவரலாம். சற்றுப் பொறுத்தால், பற்றையின் நிழலிலே கிளைத்த கொம்பொன்று அசைவதையும் காணும் பேறு கிட்டும்.