பழைய கணிப்பொறியும் புதிய அட்டையும்

பஞ்சாயத்து அலுவலகத்திலுள்ள பழைய மேசைக் கணிப்பொறிக்கு, அட்டையொன்றைச் செருகிப் புதிய வசதி சேர்க்கலாம். ஆயின் பொருந்தாத அட்டையை வாங்கினால் பொதுப்பணம் வீணாகும். ஆதலின் மின்தொடர்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையிலுள்ள செருகுவாய்களை முதலில் பார்த்தல் அவசியம்.

1992-இல் வந்த பி.சி.ஐ. வாயும், 2003-இல் வகுக்கப்பெற்ற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வாயும் பெயரால் உறவுடையவையாயினும் வெவ்வேறானவை. ஒன்றன் அட்டை மற்றொன்றில் நுழையாது. பெயரைக் கேட்டு ஏமாறுவோர் பலர். எக்ஸ்பிரஸ் வகைக்குள்ளோ இணக்கம் மிகுதி. சிறிய அட்டை நீண்ட வாயிலும் இயங்கும். புதிய பதிப்பின் அட்டை பழைய வாயில் பெரும்பாலும் வேகங்குறைந்து வேலை செய்யும்.

திரைக்காட்சிக்கென 1997-இல் வந்த ஏ.ஜி.பி. வாயில் அவ்வளவு தாராளம் இல்லை. 3.3 வோல்ட் அட்டைக்கும் 1.5 வோல்ட் அட்டைக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறிடத்தில் அமைந்திருக்கும். பள்ளம் பொருந்தாவிடில் அழுத்தித் திணிக்கலாகாது; பலகையே கெட்டுவிடக்கூடும்.

அட்டை சரியாக அமர்ந்தும் இயங்கவில்லையெனில், அதற்குரிய இயக்கி மென்பொருள் நம் இயங்குதளத்திற்குக் கிடைக்காமல் இருக்கலாம். பணம் கொடுக்குமுன் இதனையும் கடைக்காரரிடம் கேட்டறிதல் வேண்டும்.